லைன் பிஸியாக இருந்தது

இந்தக் காபி பரவாயில்லை, மிஸ்டர் ஹேட்லி. போலீஸ் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று என்னோடு வேலை பார்க்கும் வார்டெல் சொல்லுவான். அவன் எதைத்தான் நல்லது என்று சொல்லியிருக்கிறான்? சர்க்கரை வேண்டாம். என் மனைவி லர்லீன் நோயில் படுத்ததிலிருந்து நானும் சர்க்கரையை விட்டுவிட்டேன். அவள் முன்னால் நான் மட்டும் இனிப்பு டீ குடிப்பது நன்றாக இருக்காது, இல்லையா?

வக்கீல் வரும்வரை பேசவேண்டாம் என்றீர்கள். பரவாயில்லை, நான் பேசுகிறேன். நீங்கள் கேட்டதும் பெரிய கேள்வி ஒன்றுமில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்தில் நின்றிருந்த அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். ATM0H1. உங்கள் ஆள் அதை ஏதோ ரகசியச் சங்கேதம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் பெட்டிக்கு அட்டை ஒட்டும் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

மோடம் என்பது கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கிற பெட்டி. அதனிடம் எதைச் சொல்வதானாலும் AT என்று தொடங்கவேண்டும். 'இங்கே கவனி' என்று பொருள். அதைச் சொல்லாமல் நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது. M0 என்றால் சத்தம் போடாதே. உள்ளே சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது, அது வாயை மூடிக்கொள்ளும். H1 என்றால் போனை எடு, எடுத்தபடியே இரு. ரிசீவரைக் கையில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவோமே, அது மாதிரி. அவ்வளவுதான். நீங்கள் அடித்து முடித்ததும் OK என்று ஒரு பதில் வரும். ஏன், எதற்கு என்று கேட்காது. முகத்தைச் சுளிக்காது. என்னைக் கேட்டால், இந்த உலகத்தில் சொன்னதைக் கேட்டு, கேட்டதற்கு அடையாளமாகப் பதிலும் சொல்கிற ஒரே பொருள் அதுதான்.

நான் மோடம் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் வேலை பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். லில்பர்ன் ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் சோறு. பெட்டி முடிந்து வந்ததும் நாங்கள் அதைக் கூப்பிட்டுப் பார்ப்போம், அதை வேறு இடத்தைக் கூப்பிட வைப்போம், பேச்சின் நடுவில் நிறுத்திப் பார்ப்போம். நடுவில் நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு நொடி சுத்தமாக எதுவும் அனுப்பக் கூடாது. பிறகு மூன்று கூட்டல் குறி. மறுபடியும் ஒரு நொடி மௌனம். அப்போதுதான் அது பேச்சை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பும். மௌனத்துக்கு அவ்வளவு மதிப்பு. இதைக் கண்டுபிடித்தவன் குடும்பஸ்தனாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். நானும் வீட்டில் அப்படித்தான். கோபம் வந்தால் கத்தமாட்டேன், கை ஓங்கமாட்டேன். பேசாமல் இருந்துவிடுவேன். லர்லீன் தானாகவே என் பக்கம் திரும்பிவிடுவாள்.

வீட்டில் நான் கம்ப்யூட்டரில் ஒரு போர்டு, அதாவது அறிவிப்புப் பலகை மாதிரி ஒன்று, நடத்தினேன். மீன்பிடிக்கிறவர்களுக்கானது, பெயர் 'தூண்டில்'. சாயங்காலம் ஆனால் ஜார்ஜியா மாநிலம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தங்கள் மோடத்தால் என் மோடத்தைக் கூப்பிடுவார்கள். எந்த ஏரியில் என்ன கடிக்கிறது, எந்தப் புழு நல்லது, யார் பொய் சொல்கிறான் என்றெல்லாம் எழுதிவிட்டுப் போவார்கள். ஒரே லைன், ஒரு நேரத்தில் ஒரு ஆள். நல்ல மனிதர்கள். என்னை நேரில் பார்க்காதவர்கள் என்பதால் என்னிடம் மரியாதையாக இருந்தார்கள்.

லர்லீனுக்கு ஜனவரியில், பனி உறைந்து சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி கிடந்த வாரத்தில், பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இறைத்துத்தான் பேசுவாள். அவளுடைய அக்கா ஓபல் மேக்கனிலிருந்து வந்து கொஞ்ச நாள் தங்கினாள். ஓபலை நீங்கள் பார்த்தீர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வாயைத் திறந்தால் மூட மறந்துவிடுவாள். போகிறபோது ஒரு போன் வாங்கிவந்து லர்லீனின் கட்டிலை ஒட்டி வைத்தாள். பெரிய பெரிய பொத்தான் வைத்தது. மூன்று எண்களை அதிலேயே பதிந்துவைக்கலாம். முதல் பொத்தானில் ஓபலின் எண், அதன்மேல் சிவப்பு டேப்பு. இரண்டாவது ஆம்புலன்ஸ். மூன்றாவது என் சோதனை மேசை.

"இடது கையால ஒரு தட்டு தட்டினாப் போதும்டி. ராத்திரி பகல் பாக்காதே. நான் எடுப்பேன்," என்று ஓபல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, "ஹாய்ட், உன் மீன்காரப் பசங்க கொஞ்சம் குறைச்சுக் கூப்பிடட்டும். இந்த வீட்டுல ஒரு மனுஷி பேசணும்," என்றாள்.

அந்தப் போன் வந்ததில் ஒரு நன்மை. எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. சர்ச்சுப் பெண்கள் முதலில் முறைபோட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தட்டில் ஏதாவது கொண்டுவருவார்கள், அலமாரியைத் துடைப்பார்கள், என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நான் அவர்களிடம், "உங்களுக்கு ஏன் சிரமம்? கைக்கெட்டின தூரத்துல போன் இருக்கே," என்றேன். அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. பிறகு பகலில் யாரும் வரவில்லை. அதை நான் திட்டமிட்டுச் செய்ததாக நீங்கள் எழுதவேண்டாம். அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை.

ஈஸ்டர் கழிந்த ஒரு சனிக்கிழமை. மத்தியானம் நான் சமையலறையில் போனை எடுத்தேன். ஒட்டுக்கேட்கவேண்டும் என்று எடுக்கவில்லை. தூண்டில் விற்கிற கடைக்குப் பேசத்தான் எடுத்தேன். ஏற்கெனவே அக்கா தங்கை பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"எங்க வாசப்படிக்குச் சாய்வுப் பலகை போட்டாச்சு. டூயி நேத்துதான் கடைசி ஆணி அடிச்சான். சக்கர நாற்காலி வெண்ணெயில வழுக்கற மாதிரி உள்ள போயிடும்," என்றாள் ஓபல். டூயி அவள் கணவன், தச்சன்.

"வர்றேன்," என்றாள் லர்லீன். "என்னைக்... கூட்டிட்டுப் போயிடு, ஓபல்."

"பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டதும் வர்றேன். உன் வீட்டுக்காரன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். பேசாம... இருந்துடுவான். அவன் பேசாம இருக்கறதைத் தாங்க... இப்ப எனக்குத் தெம்பில்லை."

நான் மெதுவாக வைத்தேன். வெளியே போய்ப் படகைக் கழுவினேன். அது அழுக்காகவே இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் கழுவினேன். மிஸ்டர் ஹேட்லி, நீங்கள் கல்யாணமானவரா? உங்கள் மனைவி உங்களைவிட்டுப் போகப்போகிறாள் என்பது உங்கள் மனைவிக்கும், மைத்துனிக்கும், மேக்கனில் ஒரு தச்சனுக்கும், அவன் அடித்த ஆணிக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது. அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகள் என்னென்னவோ சொல்வார்கள். ஓபல் அவள் காதில் தினமும் ஓதிக்கொண்டிருந்தாள், அதுதான் சிக்கல். ஓதுவது நின்றால் எண்ணமும் நின்றுவிடும். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

முதலில் S0=1 என்று வைத்துப் பார்த்தேன். முதல் மணி அடித்ததுமே மோடம் தானாகப் பதில் சொல்லும். மனிதக் காதில் அது வெறும் கூச்சலாகத்தான் விழும். ஓபல் சும்மா இருப்பாளா? சோதனை மேசைக்கே என்னைக் கூப்பிட்டாள்.

"உன் வீட்டு போன் வெந்நீர் கொட்டின பூனை மாதிரி கத்துது, ஹாய்ட். என் காதே போச்சு."

"மோடத்தை அணைக்க மறந்திருப்பேன்."

"மறந்தியா? நீ மறக்கற ஆளா? மீனுக்குத் தூண்டில் போடு, வேணாங்கலை. என் தங்கச்சிக்குப் போடாதே."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் அந்த வழி சரிப்படாது என்று புரிந்தது. கூச்சல் கேட்டால் ஆள் கோபப்படுவாள். மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் பயந்துபோவாள், பயந்தால் கிளம்பி வந்துவிடுவாள். ஆனால் லைன் பிஸியாக இருந்தால் யாரும் பயப்படுவதில்லை. அங்கே யாரோ நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்? பிஸி என்பது ஆறுதலான ஒலி. காதும் காதும் வைத்தாற்போல வேலை முடிந்துவிடும்.

அதனால் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அந்த வரியை அடிப்பேன். ATM0H1. OK. மோடம் போனை எடுத்து வைத்துக்கொள்ளும். முதலில் லைனில் டயல் ஒலி வரும். பிறகு 'ரிசீவரைக் கீழே வையுங்கள்' என்று டெலிபோன் கம்பெனிப் பெண் பதிவுசெய்த குரலில் சொல்வாள். பிறகு ஒரு ஊளை. பிறகு அதுவும் ஓய்ந்துவிடும். அது ஓயும்வரை லர்லீன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சோளக் கஞ்சி ஊட்டுவேன். அவள் கை போன் பக்கம் போகாது, பாருங்கள். அதன்பிறகு அவள் எடுத்தால் காதில் எதுவும் கேட்காது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. ஆம், மூன்று பொத்தானுக்கும்தான். அதை நான் யோசித்தேனா என்று நேற்று கேட்டீர்கள். யோசித்தேன். என்னுடைய பொத்தானும்தானே அதில் இருந்தது? எனக்கும் அது இழப்புதான்.

"போன்... செத்துக் கிடக்கு, ஹாய்ட்," என்றாள் முதல் நாள் சாயங்காலம்.

"பழைய கம்பி. மழை ஈரம் இறங்கியிருக்கும். கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன், ஆள் வருவான்."

சாயங்காலம் நான் வந்ததும் ATH0 என்று அடித்து லைனை விட்டுவிடுவேன். ஆனால் அந்த நேரம் போர்டுக்காரர்களுடையது. ஒருவன் முடித்தால் அடுத்தவன் காத்திருப்பான். லர்லீன் எடுத்துப் பார்த்தால் மோடத்தின் இரைச்சல்தான் கேட்கும். முன்பும் அப்படித்தான் இருந்தது, அதனால் அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஓபலைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

"தூங்கறா. இப்பதான் கண்ணசந்தா."

"ஞாயித்துக்கிழமை தூங்கறா, மத்த நாள்ல லைன் பிஸி. அப்படி யார்கிட்டதான் பேசறா? கவர்னர்கிட்டயா?"

"சர்ச்சுப் பொம்பளைங்க. மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க."

"அவளால சேர்ந்தாப்பல ரெண்டு வார்த்தை பேச முடியலையேப்பா."

"அதான். பேசப் பேசத்தானே வரும்? டாக்டரே சொன்னார்."

அது பொய். மற்றபடி நான் அதிகம் பொய் சொல்லவில்லை. ஓபலுக்கு, தங்கை தன்னைவிட்டு மற்றவர்களோடு பேசுகிறாள் என்று வருத்தம். லர்லீனுக்கு, அக்கா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று வருத்தம். "ஓபலுக்கு என்மேல... கோபமா?" என்று என்னிடம் கேட்டாள் ஒருநாள். "அவளுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்புவதற்குக்கூட நான்தான் தோளைப் பிடித்து உதவினேன். எனக்கு அன்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்பதை நீங்கள் நம்பவேண்டும்.

பகலில் அவள் எப்படி இருக்கிறாளோ என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால் சாப்பாட்டு நேரத்தில், சோதனைக்கு வந்த புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, என் வீட்டு எண்ணை டயல் செய்ய வைப்பேன். எப்படியும் ஏதாவது எண்ணைக் கூப்பிட்டுச் சோதிக்கவேண்டியதுதானே. திரையில் BUSY என்று வரும். அதைப் பார்த்தால்தான் சாண்ட்விச்சைப் பிரிப்பேன். வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று அர்த்தம். மின்சாரம் போகவில்லை, யாரும் வந்து எதையும் தொடவில்லை.

வார்டெல் அடுத்த மேசை. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "தினம் யாரைடா கூப்பிடறே? எப்பப் பாத்தாலும் பிஸிதானே வருது?" என்றான்.

"ஆமா."

"பிஸி வந்தாச் சிரிக்கற ஒரே ஆளு இந்த ஜார்ஜியாவுலயே நீதான்."

நான் சிரித்தது எனக்கே தெரியாது. அவன் சொல்லித்தான் தெரியும்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். பிடரியில் முடி சிக்கு விழுந்திருந்தது, பொறுமையாக எடுத்தேன். நான் எழுந்தபோது இடது கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது... போன் ஆள் வருவானா?"

"வருவான்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் மேக்கன் போகலை, ஹாய்ட். சத்தியமா... போகலை. ஓபல் குரலை மட்டும் கேக்கணும். போனை... விட்டுடு."

விட்டுடு என்றாள். சரிசெய் என்று சொல்லவில்லை. எப்போது தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், மோடத்தைப்பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் என்னைப்பற்றித் தெரியுமே.

நீங்கள் இங்கேதான் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள். நேற்றும் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்தீர்கள். எனக்குப் புரிகிறது. நான் ஏன் அன்றைக்கு விட்டுவிடவில்லை? யோசித்துப் பாருங்கள். அன்று லைனை விட்டால் அவள் அக்காவோடு பேசுவாள். இரண்டு பேரும் பேசிய மறு நிமிடமே ஒருத்தியின் பிஸியும் இன்னொருத்தியின் செத்த போனும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாக நான் நிற்பேன். போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவளே அதைக் கேட்டபின் போய்விடுவாள். ஒருநாள் கட்டிய முடிச்சை மறுநாள் அவிழ்த்துவிடலாம். நான் தினமும் அதன்மேலேயே அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். என்னால் ஒன்றும் செய்யமுடியாத நிலை. அவளாலும்தான். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

"நேரமாச்சு," என்றேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அடுத்த அறைக்குப் போய் அடித்தேன். OK வந்தது. அன்று ஊளை ஓயும்வரை அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அவள் எடுத்துப் பார்க்கமாட்டாள் என்று தெரியும்.

மத்தியானம் டயல் செய்தேன். BUSY. மிளகாய்ப் பாலாடைக்கட்டி சாண்ட்விச், ஊறுகாய் வெள்ளரி. வயிறாரச் சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தாள். டீ கொட்டிக் காய்ந்துபோயிருந்தது. அப்படியானால் வெகுநேரம் ஆகியிருக்கிறது. ரிசீவர் அவள் இடது கையில் இருந்தது. சுருள் கம்பி இழுபட்டு நேராக நின்றது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. நேற்று நான் இதைச் சொல்லவில்லை. நான் வந்தபோது முடிந்துவிட்டிருந்தது என்று சொன்னேன். அது சரியில்லை, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பதறவில்லை. முறைப்படி செய்தேன். ரிசீவரை அவள் கையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். அடுத்த அறைக்குப் போய் ATH0 அடித்தேன். OK. சமையலறைக்குப் போய் அங்கிருந்த போனை எடுத்தேன். டயல் ஒலி வந்தது. சுத்தமான ஒலி, ஒரு கரகரப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கம்பி பழசானாலும் நல்ல கம்பி. அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஜனவரியிலேயே டாக்டர் சொல்லியிருந்தார், இன்னொருமுறை பக்கவாதம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கமுடியாது என்று. ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் ஓபல். ஓபல் என்றால் மேக்கன், சாய்வுப் பலகை, டூயியின் ஆணி. அங்கிருந்து அவளை யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள்? ஒரு கை அவளை எடுத்துக்கொண்டு போக நீண்டுகொண்டே இருந்தது. நான் அந்தக் கையை உள்ளே விடவேண்டும், அதுவும் என் விரலாலேயே எண்ணை அழுத்தி. என்னால் முடியவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டேன். ஆக, நீங்கள் எழுதவேண்டியது இதுதான்: அவள் உயிரோடு இருந்தாள், லைன் வேலை செய்தது, நான் கூப்பிடவில்லை.

போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது. லனியர் ஏரியில் ஒருவன் பிடித்த கெளுத்தியைப்பற்றிப் போர்டில் பெரிய சண்டை, அவன் சொல்கிற எடையை யாரும் நம்பவில்லை, அதைச் சொன்னேன். முன்பெல்லாம் அவளுக்கு அந்தக் கதைகள் பிடிக்கும். அவள் கண் போன் பக்கம் போனது. திரும்ப என்னிடம் வந்தது. மறுபடியும் போன் பக்கம் போனது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு கண் எங்கேயும் போகவில்லை.

ஓபல் வந்தது அதற்குப்பின். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அவள் டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைனைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாள். பிஸியாக இருக்கிற லைனில் உண்மையிலேயே யாராவது பேசுகிறார்களா என்று ஆபரேட்டர் நடுவில் நுழைந்து கேட்டுப் பார்க்கலாம். 'அங்கே பேச்சுச் சத்தமே இல்லைம்மா, ரிசீவர் எடுத்தபடி கிடக்கு' என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாதா? போன் தொழிலிலேயே பிழைக்கிறவன் நான். ஓபலுக்குத் தோன்றாது என்று நினைத்துவிட்டேன். அவள் சமையலறைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தாள், வழியில் உங்கள் துணை ஷெரீபையும் கூட்டிக்கொண்டு.

வாசலில் நின்று பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எத்தனை நாளா, ஹாய்ட்?" என்றாள்.

லர்லீனின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"பேசிட்டிருக்கா பேசிட்டிருக்கான்னு நானும் நம்பிட்டுத்தானே இருந்தேன். என் தங்கச்சிக்கு இத்தனை சிநேகிதங்களான்னு சந்தோஷம்கூடப் பட்டேன்டா."

அப்படிச் சொல்லிவிட்டு அவளை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்தேன். நான் எதையும் மறைக்க நினைத்தவன் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. மறைக்க நினைத்தவன் திரையையாவது அணைத்திருப்பான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் அடித்தது, மாலையில் அடித்தது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு OK. நீங்களே வந்து பார்த்தீர்கள்.

நீங்கள் வந்து செய்த இன்னொரு காரியத்தைப்பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவளுடைய போனில் கடைசியாக அழுத்திய எண்ணை மறுபடி கூப்பிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. லைன் செத்திருந்தாலும் அழுத்தியது அதன் நினைவில் நிற்கும். நீங்கள் கைக்குட்டையால் அதை அழுத்தினீர்கள். அறையே சத்தமில்லாமல் இருந்தது. மேக்கனில் மணி அடிப்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. டூயி எடுத்தான். "ஓபல்? போய்ச் சேந்துட்டியா? நம்ம லர்லீன் எப்படி இருக்கா?" என்றான். ஓபல் அப்போதுதான் அழுதாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன், மிஸ்டர் ஹேட்லி. கடைசி நேரத்தில் அவள் யாரைக் கூப்பிட்டாள் தெரிகிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நீங்கள் அவளை அறியமாட்டீர்கள், அதனால்தான். அவளுக்கு இடது கைப் பழக்கம் கிடையாது. நோய்க்குப் பிறகு அந்தக் கையும் லேசாக நடுங்கும், கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் கன்னத்துக்குப் போகும். பொத்தான்கள் வரிசையாக இருந்தன. முதலாவது ஓபல், மூன்றாவது நான். தரையில் விழுந்து கிடந்து, கையைத் தூக்கி, கண்ணால் பார்க்கமுடியாமல் தடவி அழுத்துகிறவளுக்கு விரல் இரண்டு பொத்தான் தள்ளிப் போவது பெரிய விஷயமில்லை. அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.